அக்கா வேலை பார்த்த துறை

“இங்க உனக்கு ஒண்ணுன்னா யார்கிட்டப் போய்க் கேப்ப?” என்று அக்கா கேட்டார். எமிரேட்ஸின் அல் ஐனில், என் மகளின் பள்ளிக்கு வெளியே, வெயிலில் நின்று சுட்டுக்கிடந்த எங்கள் காருக்குள் வைத்துக் கேட்டார். ஜூன் மாதம். ஸ்டியரிங்கைக் கையால் தொட முடியவில்லை. துப்பட்டாவின் நுனியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏசி குளிரட்டும், பிறகு பதில் சொல்லலாம் என்பதுபோல் பேசாமல் இருந்தேன். கார் குளிர்ந்துவிட்டது. ரவுண்டானா ரவுண்டானாவாகச் சுற்றி வீடும் வந்துவிட்டது. பதில் மட்டும் வரவில்லை. இத்தனை நாளாகியும் வரவில்லை. எழுதிப் பார்த்தால் வருமோ என்ற நப்பாசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா என்று நான் சொல்வது என் ஓரகத்தியை. கணவரின் அண்ணன் மனைவி. விருதுநகர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி அமெரிக்கா போய், அங்கே மறுபடி படித்து, குடியுரிமை வாங்கி, அந்நாட்டு மத்திய அரசின் கல்வித் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர். எங்கள் மாமியார் ஊரில் யாரைப் பார்த்தாலும் “மூத்தவ அமெரிக்காவுல சென்ட்ரல் கவர்மென்ட்டு” என்று சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். இளைய மகனைப் பற்றி, அதாவது என் கணவரைப் பற்றிப் பேசும்போது அந்த நிம்மதி வந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் கல்ஃபில் இருப்பவர்கள். கம்பெனி விசா அடிக்கிறவரை இருப்போம். ‘கலாஸ்’, அதாவது முடிந்தது, என்று சொல்லிவிட்டால் பெட்டி கட்டுவோம். மூத்தவருடையது அப்படியல்ல, நிரந்தரம். அந்தச் சொல்லை எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சாமி பெயரைச் சொல்வதுபோலத்தான் சொல்வார்கள்.

என் கணவர் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர். அமெரிக்காவில் தலைமையகம் உள்ள ஒரு கம்பெனிக்காக ருவைஸில் ஆலை வேலை பார்க்கிறார். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். நானும் மகளும் அல் ஐனில் இருப்பதற்கு ஒரே காரணம் மகளின் காது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு, கருவி மாட்டியிருக்கிறாள். பேச்சுப் பயிற்சிக்கு நல்ல ஆள் இந்த ஊரில் கிடைத்தார், ஒரு பள்ளியும் இவளைச் சேர்த்துக்கொண்டது. அத்துடன் எங்கள் ஊர் முடிவாகிவிட்டது.

கருவி எல்லாச் சத்தத்தையும் பெரிதாக்கும். பேச்சையும் பெரிதாக்கும், ஏசியின் உறுமலையும் பெரிதாக்கும். எங்கள் ஃபிளாட்டில் இருப்பது ஜன்னலில் பொருத்திய பழைய ஏசி. அதனால் மகளுக்குக் கதை சொல்லும்போது மட்டும் அதை அணைத்துவிடுவோம். கோடையில் ஏசி நின்ற அறை எப்படி இருக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் இன்னும் சூடான காற்றுதான் வரும். இரண்டு பேரும் வியர்த்து வழிந்துகொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து, நரியும் காக்கையும் என்ன பேசிக்கொண்டன என்று பார்ப்போம். அவள் என் உதட்டையே பார்ப்பாள். மூச்சு முட்டும்போது, “இனாஃப் அம்மா, ஸ்விட்ச் ஆன்” என்பாள். கதை பாதியில் நிற்கும். அவளுக்குத் தெரிந்த பல கதைகளுக்கு முடிவு கிடையாது.

அந்த ஜூனில் அக்காவும் அவர் கணவரான அத்தானும் விருதுநகர் போகும் வழியில் எங்களோடு ஒரு வாரம் தங்கினார்கள். அமெரிக்காவில் தேர்தலுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. வந்த அன்றைக்கே அக்கா குழந்தையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார், பாதியில் நிறுத்தினார், யாரிடமும் கேட்காமல் எழுந்துபோய் ஏசியை அணைத்துவிட்டு வந்து மறுபடி பேசினார். “ஏய், என்னடி பண்ற? வேகுது!” என்றார் அத்தான் சோபாவிலிருந்து. “வேகட்டும். நீங்க பேசுறத நான் கேக்காம இருக்கணும்னு எத்தன தடவ ஏசிய போட்டிருக்கேன், அவ பேசுறதக் கேக்க ஒரு தடவ அணைக்கக் கூடாதா?” என்றார் அக்கா. எங்கள் உறவுக்காரர்கள் எல்லாருமே குழந்தையிடம் அன்பானவர்கள்தான். சத்தமாகப் பேசினால் கேட்கும் என்று நினைத்து அவள் முகத்துக்கு நேரே கத்துவார்கள். அக்கா மட்டும் கத்தவில்லை.

பள்ளியிலிருந்து என்னை வரச் சொல்லியிருந்தது அந்த வாரத்தில்தான். அக்கா தானும் வருகிறேன் என்றார். நான் தயங்கியிருக்க வேண்டும், தயங்கவில்லை. பள்ளி முதல்வர் மிக மரியாதையானவர். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், குழந்தையின் ஓவியத்தைப் பாராட்டினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அடுத்த பருவத்திலிருந்து மகளுக்கு ஒரு ‘ஷேடோ டீச்சர்’ வேண்டும். அதாவது வகுப்பில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து உதவ ஓர் ஆள். ஆளைத் தேடுவதும் சம்பளம் கொடுப்பதும் எங்கள் பொறுப்பு. இல்லையென்றால் மேல் வகுப்புகளுக்கு அவரால் உறுதி சொல்ல முடியாது.

அக்கா கேட்டார்: வகுப்பில் இவளை ஏன் ஏசிக்கு நேர் கீழே உட்கார வைத்திருக்கிறீர்கள்? ஆசிரியை சட்டையில் மாட்டிக்கொள்ள நாங்கள் ஒரு சின்ன மைக் வாங்கிக் கொடுத்திருக்கிறோமே, அதை அவர் மாட்டுகிறாரா? முதல்வர் சிரித்தார். பெரிய வகுப்பு, மேடம், சில நாள் மறந்துவிடுகிறது. அக்கா மறுபடி கேட்டார்: மறந்த நாளில் எங்களுக்கு யார் சொல்வார்கள்? சேர்க்க முடியாது என்றால் காரணத்தை எழுதிக் கொடுப்பீர்களா? அந்தக் காரணம் சரியில்லை என்றால் அடுத்து யாரைப் பார்க்க வேண்டும்? அக்காவின் குரல் உயரவேயில்லை. ஒவ்வொரு கேள்வியையும் பழக்கப்பட்ட கை வெங்காயம் அரிவதுபோல ஒரே சீராகக் கேட்டார். முதல்வரும் குரல் உயர்த்தாமல்தான் பதில் சொன்னார்: மேடம், பெற்றோர் தங்களுக்குப் பிடித்த வேறு எந்தப் பள்ளியையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

நான் மேசைக்கடியில் அக்காவின் முழங்காலைத் தொட்டேன். போதும் என்று அர்த்தம். ஷேடோ டீச்சருக்குச் சம்மதம் என்று முதல்வரிடம் சொன்னேன். நன்றி சொன்னேன். வெளியே வரும்போது மறுபடியும் நன்றி சொன்னேன். காருக்குள் ஏறிய பிறகுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இங்கே விதிகள் இல்லாமல் இல்லை. இப்படிப்பட்ட குழந்தைகளைப் பள்ளிகள் எப்படி நடத்த வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது, கேட்பதற்கு அலுவலகமும் இருக்கிறது என்று பேச்சுப் பயிற்சி ஆசிரியை பின்னால் ஒருமுறை சொன்னார். எண்ணும் கொடுத்தார். நான் இன்னும் அழைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? எங்களுக்கு அது பழக்கமில்லை. லிஃப்ட் வாரக்கணக்கில் வேலை செய்யாவிட்டாலும் படியேறிப் போவோம். வங்கியில் தவறு நடந்தால், “பரவாயில்ல சார், டேக் யுவர் டைம்” என்போம். புகார் எழுதினால் அது பள்ளிக்குப் போகும், பள்ளியிலிருந்து எங்கோ போகும், எப்படியோ சுற்றிக் கம்பெனிக்கு வரும், விசாவில் வந்து நிற்கும் என்று ஒரு பயம். அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. பார்த்த யாரையும் நான் சந்தித்ததுமில்லை. ஆனாலும் எங்களில் எல்லாரும் அதை நம்புகிறோம். இருக்கும்வரை சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. வந்த சில மாதங்களில் தானாகவே வந்துவிட்டது.

அக்காவின் வேலையோ புகாருக்குப் பக்கத்திலேயே இருந்தது. உடலில், கேட்பதில், பேசுவதில், கற்பதில் குறையுள்ள எந்தக் குழந்தையையும் அரசுப் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது, அதற்கு ஏற்ற படிப்பை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு சட்டம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த குழந்தைக்கும் அது பொருந்தும். மாநிலங்கள் அதை ஒழுங்காகச் செய்கின்றனவா என்று பார்ப்பது அக்காவின் அலுவலகம். மாநிலங்கள் அனுப்பும் அறிக்கைகளைப் படித்து, இங்கே ஏன் இப்படி, அங்கே ஏன் அப்படி என்று கேட்டு எழுதுவதுதான் அவருடைய நாள். அவ்வப்போது ஏதாவது ஓர் அம்மா, எந்த எண்ணைப் பிடிப்பது என்று தெரியாமல், நேராக அவருக்கே போன் செய்துவிடுவாராம். அது அவர் வேலையே இல்லை. சரியான மாநில அலுவலகத்தின் எண்ணைக் கொடுத்தால் போதும். அக்கா எண்ணையும் கொடுத்து, சில நாள் கழித்துத் தானே கூப்பிட்டு, “என்ன ஆச்சு? பேசினாங்களா?” என்றும் கேட்பாராம். “ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டாப் போதும்டி. பாதிப் பிரச்சினை அதுலயே தீந்துரும். மேல இருந்து ஒருத்தி பாத்துக்கிட்டிருக்கான்னு தெரிஞ்சா ஸ்கூல்காரன் மைக்க மறக்க மாட்டான்” என்றார்.

என் கணவரின் கம்பெனியில் ஆட்களை அமெரிக்க வேலைகளுக்கு மாற்றும் வழக்கம் உண்டு. அதைக் கேட்டதிலிருந்து அக்கா விடவில்லை. “தம்பி, மாத்தல் கேளுங்க. இவளுக்கு அங்கதான் படிப்பு. யாரும் உங்கள வேற ஸ்கூல் பாத்துக்கோன்னு சொல்ல முடியாது” என்றார். என் கணவர் சரி மதினி, சரி மதினி என்றார். நான் அன்றைக்கே மனதுக்குள் சாமான்களைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டேன்; எது கார்கோவில் போகும், எது பக்கத்து வீட்டுக்கு என்று.

அமெரிக்க அரசையே மாற்றியமைக்கும் ஒரு திட்டத்தைப் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டதும் அதே வாரத்தில்தான். சனிக்கிழமை மதியச் சாப்பாடு. அக்கா சாப்பாட்டு மேசையில் டேப்லெட்டை நிமிர்த்தி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அங்கேயுள்ள வலதுசாரிச் சிந்தனையாளர்கள் கூடி, தங்கள் பக்கத்து ஆள் தேர்தலில் ஜெயித்தால் மத்திய அரசைத் துறை துறையாக எப்படி மாற்றியமைக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்த தடித்த திட்டம். முக்கியப் பதவிகளில் இருக்கும் நிரந்தர அதிகாரிகளைத் தனி வகையாக்கி, அதிபர் நினைத்தால் அனுப்பிவிடலாம் என்று ஆக்குவது. தங்கள் கொள்கைக்கு ஒத்த ஆட்களை இப்போதே தேர்ந்தெடுத்து, முதல் நாளிலேயே நாற்காலியில் உட்காரப் பயிற்சி கொடுத்து வைப்பது. சில துறைகளை மூடிவிடுவது. மூட வேண்டிய துறைகளில் அக்காவின் துறையும் இருந்தது.

“மூடட்டுமே” என்றார் அத்தான், எலும்பைக் கடித்துக்கொண்டே. அவர் அங்கே லாரிக் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம் நடத்துகிறார். “பிள்ளைக்குப் பாடம் சொல்றது வாத்தியாரு. வாத்தியாருக்குச் சம்பளம் குடுக்கிறது மாநிலம். நடுவுல நீங்க எதுக்கு?”

“மாநிலம் ஒழுங்காச் செய்யுதான்னு பாக்க.”

“பாத்து என்னத்தக் கிழிச்சீங்க?”

“உங்க சட்டைக்குப் பட்டன் தைக்கிறவ நானு. கிழிக்கிறதப் பத்தி நீங்க பேசாதீங்க.”

அத்தான் சிரித்தார், ஆனால் விடவில்லை. கம்பெனிக்கு ஓர் அரசு அனுமதி வாங்க மாதக்கணக்கில் நடையாய் நடந்ததைச் சொன்னார். “கேட்டா அந்த ஆபீசர் லீவு. லீவு முடிஞ்சு வந்தா ரிட்டயர்டு. யாரையும் வேலைய விட்டுத் தூக்க முடியாது. பாதிப் பேரு காபி குடிக்கத்தான் ஆபீசுக்கு வர்றான்.”

“அதுல நான் எந்தப் பாதிங்க?”

“நீதான் காபியே குடிக்க மாட்டியே!”

எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “அண்ணே, அப்போ அமெரிக்க கவர்மென்ட்டையும் எங்க கம்பெனி மாதிரி ஆக்கணும்ங்கறீங்க. மேனேஜருக்குப் பிடிக்கலேன்னா மறுநாள் கலாஸ்.”

“ஆமா! உங்க வேலையெல்லாம் டயத்துக்கு முடியுதா இல்லையா?”

“முடியுதுண்ணே. கூடவே நாங்களும் முடிஞ்சுர்றோம்.”

அன்று சிரித்ததை இப்போது நினைத்தால் எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. அந்த மேசையில் இருந்தவர்களில் அந்தத் திட்டத்தைக் கேட்டு ஆச்சரியப்பட்டது அக்கா ஒருவர்தான். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பப்படலாம் என்பது எனக்கும் என் கணவருக்கும் செய்தியே இல்லை. நாங்கள் அதில்தான் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அக்கா குளிக்கப் போனபோது டேப்லெட்டை எடுத்துக் கல்வி பற்றிய பகுதியை நானே படித்தேன். உண்மையைச் சொன்னால், சில இடங்களில் தலையாட்டினேன். குழந்தையின் படிப்பைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் பெற்றோர். குடும்பம்தான் நடுவில் இருக்க வேண்டும். அரசுப் பணம் குழந்தையோடு போகட்டும், பெற்றோர் தங்களுக்குப் பிடித்த பள்ளியில் சேர்க்கட்டும். நான் ஒரு தாய். அதில் என்ன தப்பு இருக்கிறது? மேடம், நீங்கள் வேறு பள்ளியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்ற முதல்வரின் குரல் அப்போது காதில் கேட்டது. இங்கே எங்கள் பிள்ளைகளுக்கு எல்லாமே தனியார் பள்ளிதான். எந்தப் பள்ளியையும் நான் தேர்ந்தெடுக்கலாம். என்னைத் தேர்ந்தெடுக்காமல் விடுவதற்குப் பள்ளிக்கும் அதே உரிமை இருக்கிறது. இதை அத்தானிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். விருந்தாளி, மூத்தவர், எதற்கு வம்பு என்று டேப்லெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அத்தான் சொல்வதும் பொய்யில்லையே; மாதக்கணக்கில் நடந்தவர் அவர்தானே.

நவம்பரில் திட்டம் எழுதியவர்களின் பக்கம் ஜெயித்தது. அத்தான் போன் செய்து சந்தோஷமாகப் பேசினார். அவர் ஓட்டும் அதற்குத்தான். அக்கா போனை வாங்கி, “விடு. ஒவ்வொரு தடவையும் ஏதாவது எழுதி வப்பாங்க. எழுதினதெல்லாமா நடக்குது? நீங்க மாத்தலுக்கு எழுதிக் குடுத்தாச்சா?” என்றார். என் கணவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

புது அரசு வந்த பிறகு அக்காவின் பேச்சு மாறியது. முதலில், வாரா வாரம் என்ன வேலை செய்தோம் என்று எழுதி அனுப்பச் சொல்கிறார்கள் என்றார். “மதினி, எங்களுக்கு அதுக்குப் பேரு டைம்ஷீட்டு. தினமும் எழுதுறோம்” என்றார் என் கணவர். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. பிறகு, “மெசேஜ்ல எதுவும் எழுதாத, கூப்பிடு” என்றார். பிறகு கூப்பிட்டால், “இரு, காருக்குப் போயிட்டுக் கூப்பிடறேன்” என்றார். அலுவலகத்தில் யாரோடு யார் சாப்பிடுகிறார்கள் என்பதைக்கூடப் பார்த்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது என்றார். கேட்கக் கேட்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அது எங்கள் பேச்சு. சத்தம் போடாமல், பெயர் சொல்லாமல், எழுத்தில் எதையும் வைக்காமல் பேசுகிற பேச்சு. எனக்கு அது எப்படித் தானாக வந்ததோ அப்படியே அக்காவுக்கும் வந்துகொண்டிருந்தது.

துறையில் ஆட்களைக் குறைப்பதாக உத்தரவு வந்தது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள், ஒரு நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது, மேலே ஒரு நீதிமன்றம் நடத்தலாம் என்றது. அக்காவின் வேலை நடுவில் தொங்கியது, பிறகு போனது. பொருட்களை எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்து வரச் சொன்னார்களாம். பக்கத்தில் ஒரு செக்யூரிட்டி நின்றாராம். “பாவம், அந்தப் பையன் எனக்குப் பெட்டி பிடிச்சான்” என்றார். நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, கவலைப்படாதீங்கக்கா, உங்களுக்கு இருக்கிற அனுபவத்துக்கு என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. “ஒரு அம்மாவுக்குத் திரும்பக் கூப்பிடறேன்னு சொல்லியிருந்தேன்டி. அவங்க நம்பர் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே சொன்னார்.

பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது. “இப்பவும் சொல்றேன், திட்டம் சரிதான். ஆளப் பாத்து வெட்டியிருக்கணும்.”

“ஆமா, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டியிருக்கணும்” என்றார் அக்கா.

அத்தான் கெட்டவர் இல்லை. தன் மனைவியைப் போன்ற ஆளை யாரும் அனுப்ப மாட்டார்கள் என்று அவர் மனதார நம்பினார். அவ்வளவு நன்றாக வேலை செய்பவர் என்று அவருக்குத்தானே தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் கணவர் கேட்ட மாற்றல் வந்துவிட்டது. டெக்சாஸில் ஓர் ஆலை. இந்த மாதக் கடைசிக்குள் சம்மதமா இல்லையா என்று சொல்ல வேண்டும். இல்லை என்றாலும் பழையபடி இருந்துவிட முடியாது. ருவைஸில் அவர் பார்க்கும் வேலை முடியப் போகிறது, வேறு கம்பெனி கிடைத்தால்தான் விசா. மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. ஷேடோ டீச்சர் வருகிறார். மூன்றாம் வகுப்பைப் பற்றிப் பள்ளி இன்னும் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்கா இப்போது அத்தானின் நிறுவனத்தில் கணக்கு வழக்குப் பார்க்கிறார். அவரைக் கூப்பிட்டேன். “நீங்கதானக்கா வரச் சொன்னீங்க. இப்போ என்ன செய்ய?” என்று கேட்டேன். கேட்ட விதம் குற்றம் சொல்வதுபோல் ஆகிவிட்டதோ என்று இன்றுவரை உறுத்துகிறது.

“சட்டம் அப்படியேதான்டி இருக்கு. ஒரு எழுத்து மாறல. அதப் பாத்துக்க இருந்த ஆளுங்கதான் இல்ல.”

“அப்போ வரலாமா?”

“நல்ல ஸ்கூல் அமைஞ்சா நீ ராணி மாதிரி இருக்கலாம். மாநிலமே நல்லாப் பாத்துக்கலாம். எல்லாரும் கெட்டவங்களா என்ன?”

“அமையலேன்னா?”

“முன்னாடின்னா, அமையலேன்னா என்ன பண்ணணும்னு ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொல்லியிருப்பேன். இப்போ எனக்கே தெரியல. நான் சொல்லி நீங்க வந்து, அப்புறம் பாப்பாவுக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன். என்னக் கேக்காத” என்றார். முகம் தெரியாத அம்மாக்களுக்கெல்லாம் திரும்பக் கூப்பிட்டவர் எனக்குச் சொன்ன பதில் இதுதான். அத்தான் போனை வாங்கி, “வந்துருங்கம்மா, நாங்க இருக்கோம்ல” என்றார். அவர்கள் வீட்டிலிருந்து டெக்சாஸுக்கு விமானத்தில்தான் போக வேண்டும்.

என் கணவரிடம் கேட்டால், “பாப்பாவப் பத்தி உனக்குத்தான் தெரியும். நீ சொல்றதுதான் முடிவு” என்கிறார். இதைவிட அன்பான வார்த்தை ஒரு கணவர் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்லிவிட்டு ருவைஸுக்குப் பஸ் ஏறிவிடுகிறார். நான் இந்த ஃபிளாட்டில் முடிவோடு உட்கார்ந்திருக்கிறேன். போகலாம் என்று தீர்மானித்த நாளில் அக்காவின் பெட்டியைப் பிடித்த செக்யூரிட்டி கண்ணில் வருகிறார். இருந்துவிடலாம் என்று தீர்மானித்த நாளில் முதல்வரின் புன்னகை வருகிறது.

சென்ற வாரம் வகுப்பாசிரியை என்னிடம் சிரித்துக்கொண்டே ஒரு குறை சொன்னார். என் மகள் பாடத்தின் நடுவே எழுந்து நின்று, “மிஸ், மைக் ப்ளீஸ்” என்கிறாளாம். ஒரு நாளில் பல தடவையாம். மற்றக் குழந்தைகளுக்குக் கவனம் சிதறுகிறதாம். நான் ஸாரி சொன்னேன். வீட்டுக்கு வந்து மகளை உட்கார வைத்து, மிஸ்ஸைத் தொந்தரவு செய்யக் கூடாது, மைக் இல்லையென்றால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள் என்று சொன்னேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் வாயையே பார்த்திருந்துவிட்டு, “பட் ஐ கான்ட் ஹியர், அம்மா” என்றாள். அதை அவள் கோபத்திலோ அழுதுகொண்டோ சொல்லவில்லை. எனக்கு ஒரு தகவல் தெரிவிப்பதுபோல் சொன்னாள். கேட்கத் தெரிந்த பிள்ளையை நான் கேட்காமல் இருக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறேனோ என்ற பயம் அன்றிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே போனால் தைரியமாகக் கேட்பாள். அதைக் காதில் வாங்க ஆள் இருப்பார்களா என்ற பயமும் அதோடு சேர்ந்தே வருகிறது.

இதைப் படிக்கிற உங்களில், இப்படி ஒரு குழந்தையோடு அமெரிக்காவில் இருப்பவர்கள் இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். இந்த மாற்றங்களுக்குப் பிறகு உங்கள் பள்ளியில் ஏதாவது குறைந்திருக்கிறதா, அல்லது நான்தான் தொலைவிலிருந்து அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனா? இங்கே எமிரேட்ஸில் ஒரு பள்ளியைப் பற்றிப் புகார் எழுதிப் பார்த்த அம்மா யாராவது இருந்தால், எழுதிய பிறகு உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், பெயர் வேண்டாம். திட்டத்தை ஆதரிப்பவர்களும் எழுதலாம், நான் சண்டைக்கு வர மாட்டேன். போ என்றாலும் சரி, இரு என்றாலும் சரி. எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று மட்டும் எழுத வேண்டாம். அதை எங்கள் மாமியார் தினமும் போனில் சொல்கிறார். மாதக் கடைசிக்குள் எழுதினால் நல்லது.